வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து பூமியை அளந்தோம்

போன ஏப்ரலில் நான் கும்பகோணம் போனது கோவிலுக்கோ பட்டுப்புடவைக்கோ அல்ல. பூமி எவ்வளவு பெரியது என்று அளப்பதற்கு. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இதற்குத் தேவை இரண்டு தகர மூடி, இரண்டு தூக்குக்குண்டு, மேகமில்லாத ஒரு நண்பகல், ஒன்றுக்கொன்று நேர் வடக்கு தெற்காக இருக்கும் இரண்டு ஊர், ஊருக்கு ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்தவர் ஜைனப். எங்கள் குடும்பத்தின் மேல் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்.

அவர் வாதி, நான் பிரதிவாதி. நிலம் வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நில உச்சவரம்பைக் குறைக்கிறார்கள் என்று டெல்டாவின் பெரிய பண்ணைகள் எல்லாம் ஆடிப்போயிருந்த காலத்தில், ஒரு மிராசுதார் அவசர அவசரமாகத் தன் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார். வாய்க்காலுக்கு மேற்கே இருந்ததை ஜைனபின் வாப்பா வாங்கினார், கிழக்கே இருந்ததை என் அப்பா வாங்கினார். சுற்றுவட்டாரம் முழுக்கக் கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையுமாகக் கிடந்தபோது இவர்கள் இருவரும் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்களாம். பிறகு ஒரு கோடையில் அந்த வாய்க்காலைத் தூர் வாரினார்கள். வாரியதில் வாய்க்கால் நகர்ந்துவிட்டது என்றார் ஒருவர், நகரவே இல்லை என்றார் மற்றவர். தகராறு ஒன்றரை முழ அகலத்துக்கு. ஆளுக்கொரு சர்வேயரைக் கூட்டி வந்து அளந்தார்கள். ஒருவர் அளவை மற்றவர் நம்பவில்லை. இன்று இருவரும் இல்லை, வழக்கு மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

கோர்ட் வராந்தாவில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள் ஒன்று தூங்குவார்கள், இல்லையென்றால் பேசுவார்கள். நானும் ஜைனபும் பேசினோம். அவர் அதிராம்பட்டினத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இந்த ஆண்டு வக்கீல்களே அலுத்துப்போய் ஒரு வழி சொன்னார்கள்: ஒரே ஒரு சர்வேயர் அளக்கட்டும், என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நாள் குறித்தார்கள். ஓசூரில் இருக்கும் என் அண்ணன் எனக்கு பவர் எழுதித் தந்திருப்பதால் கையெழுத்துப் போட வேண்டியது நான். ஆனால் சர்வேயர் பெயரைச் சொன்னது ஜைனப் தரப்பு. “அவங்க ஆளு அளக்குறதுக்கு நாம கண்ணை மூடிட்டுத் தலையாட்டணுமா?” என்று அண்ணன் தினமும் போன் செய்து கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே ஓர் உறுத்தல் இருந்தது. கூடப் பிறந்தவர்களுக்குச் சந்தேகமும் பாகம் பிரித்துத்தான் கிடைக்கும்போல.

பூமியை அளக்கும் பேச்சு அதே வராந்தாவில்தான் வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் எகிப்தில் ஒரு நூலகர் இருந்தார். தெற்கே ஓர் ஊரில், வருடத்தில் ஒரு நாள் உச்சிவேளையில் சூரியன் கிணற்றின் அடித்தண்ணீரில் தெரியும், அதாவது எதற்கும் நிழல் விழாது என்று கேள்விப்பட்டார். அதே நாள் அதே வேளையில் வடக்கே தன் ஊரில் நிழல் விழுவதைப் பார்த்தார். சூரிய ஒளி எல்லா ஊருக்கும் ஒரே சாய்வில்தான் வருகிறது, அப்படியானால் வளைந்திருப்பது தரைதான். எவ்வளவு வளைவு என்பதை நிழல் சொல்லும், எவ்வளவு தூரத்துக்கு அந்த வளைவு என்பதை நடந்து அளந்துகொள்ளலாம். இரண்டும் தெரிந்தால் முழு உருண்டையும் தெரிந்துவிடும். எந்த நாட்டையும் சுற்றாமல், ஒரு நிழலை வைத்துக்கொண்டு உலகத்துக்கே அளவெடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும், அன்றும் புல்லரித்தது.

ஜைனப் கேட்டுவிட்டு, “நிழலைப் பார்த்தது சரி. அடுத்த ஊர்க்காரன் சொன்னதை அவர் நம்புனாரு பாருங்க, அதாங்க பெரிய விஷயம்” என்றார். பிறகு போனில் வரைபடத்தைத் திறந்து, கும்பகோணமும் அதிராம்பட்டினமும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் இருப்பதைக் காட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏப்ரல் 17, வியாழக்கிழமை என்று நாள் பார்த்தோம். நமது பக்கத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கோர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டிய செவ்வாய்க்கிழமைக்கும் அது சில நாள் முன்னால். ஒரு நிழல் விஷயத்தில் இவரை நம்ப முடிகிறதா என்று பார்த்துவிடலாம் என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருப்பார்.

புதன்கிழமை விடியற்காலை சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு லாட்ஜ், வாடகை 900 ரூபாய். மொட்டை மாடி உண்டா என்று முதலில் கேட்டு, பிறகு அறையைப் பார்த்த ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன். “மாடியில எதுவும் ஹோமம் வளர்க்க மாட்டீங்கள்ல?” என்று மேனேஜர் கேட்டார். இல்லை, பூமியை அளக்கப் போகிறேன் என்றேன். “அப்ப சரி” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். கும்பகோணத்துக்காரர்களை எதுவும் அசைக்காது.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியில், சரியாக மூன்று மீட்டர் உயரத்தில், சீவல் டப்பா மூடி ஒன்றைப் படுக்கைவசமாகக் கட்டினேன். ரசமட்டம் வைத்துச் சாய்வில்லாமல் பார்த்துக்கொண்டேன். மூடியின் நடுவில் ஆணியால் ஒரு துளை. அந்தத் துளையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. சாதாரணக் கம்பு நட்டால் நிழலின் நுனி மங்கிப்போய் எங்கே முடிகிறது என்றே தெரியாது. துளை வழியாக வரும் வெளிச்சம் மூடியின் நிழலுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம்போல வட்டமாக விழும், அதன் மையத்தைக் குறிப்பது சுலபம். காலை நிழலும் மாலை நிழலும் சம நீளமாக வரும் இடங்களைக் குறித்து வடக்கு தெற்குக் கோடும் போட்டாகிவிட்டது. இதே ஏற்பாட்டை ஜைனப் தன் வீட்டு மாடியில் பால்பவுடர் டின் மூடியை வைத்துச் செய்துகொண்டிருந்தார். அதிராம்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அதனால் மாடியில் ஆணி அடிக்க அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காலைக் குறிக்கும் மாலைக் குறிக்கும் நடுவே நேரம் இருந்ததால் திருவிடைமருதூர் போய்வந்தேன். டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகாலிங்கசுவாமி கோவிலின் நீண்ட பிரகாரத்தில் தூண்களின் நிழல் வரிசையாக விழுந்துகிடப்பதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் யாராவது உங்களிடம் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு சாயங்காலம் கூட்டிப்போய் அந்த நிழலிலேயே உட்காரவைத்து வேர்க்கடலை வாங்கிக் கொடுங்கள். அவ்வளவு பெரிய கோபுரத்தைக் கட்டியவர்களுக்கு இல்லாத அற்புதத்தை நாம் சேர்க்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு வைத்தது, அதனால் கும்பகோணத்தில் உண்மையான உச்சி 12 மணி 12 நிமிடத்துக்கு வரும். வெளிச்சப் பொட்டு ஊர்ந்து வந்து வடக்கு தெற்குக் கோட்டைத் தொட்டது. குறித்தேன். தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து வடக்கே 2 சென்டிமீட்டர். சூரியன் எனக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. ஜைனபுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்க வேண்டும், அவருடைய பொட்டு ஒன்றோ ஒன்றேகாலோ சென்டிமீட்டர் தெற்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே அழைத்தேன்.

“எவ்வளவு வந்துச்சு?”

“ஆறரை.”

“மில்லிமீட்டரா?”

“சென்டிமீட்டருங்க. நல்லா ரெண்டு தடவை வச்சுப் பார்த்தேன்.”

இரண்டையும் கூட்டினால் எட்டரை. மூன்று மீட்டருக்கு எட்டரை சென்டிமீட்டர் என்றால், ஊர்களுக்கு நடுவே உள்ள 69 கிலோமீட்டருக்குப் பூமியின் ஆரம் எவ்வளவு? 2,435 கிலோமீட்டர். ஏறக்குறைய புதன் கிரகத்தின் அளவு. “குண்டு ஆடிடுச்சோ என்னவோ” என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

“என் குண்டு ஆடலை. உங்க குண்டைப் பாருங்க.”

“என்னோடது ஆடலைங்க. நான்தான் பக்கத்துலயே இருந்தேனே.”

“நான் மட்டும் எங்க போயிருந்தேன்? உங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னாங்களாம், ‘எங்க அளவு சரி, உங்க சர்வேயர்தான் தப்பு’ன்னு.”

“உங்க வாப்பா மட்டும் ஒத்துக்கிட்டாங்களாக்கும்?”

“கோர்ட்ல நிக்கிற மாதிரியே பேசுறீங்க கலா” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். கொதிக்கும் மாடியில் குடைக்குக்கீழே உட்கார்ந்தேன். அண்ணன் சொன்னது சரிதானோ என்று தோன்றியது, அப்படித் தோன்றியதே கசப்பாகவும் இருந்தது. வெறும் ஒரு வெளிச்சப் பொட்டில் இந்த அழகு என்றால், செவ்வாய்க்கிழமை எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காருக்கு 3,200 ரூபாய், போய்வர. பஸ்ஸில் என்றால் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் மாறி நூறு சொச்சம் ரூபாயில் போய்விடலாம், ஆனால் கோபத்தோடு பஸ் மாறுவது கஷ்டம். டிரைவர் பெயர் சேகர். வலங்கைமான் தாண்டியதும் எங்கள் நிலத்தருகே நிறுத்தச் சொன்னேன். உளுந்து எடுத்த வயல் வெறுமையாகக் கிடந்தது, ஒரு பக்கம் பருத்தி. மேட்டூர் திறக்காத மாதம், வாய்க்கால் வறண்டு பாளம் விட்டிருந்தது.

“இதுக்கா மேடம் கேஸு?” என்றார் சேகர். “தண்ணியே இல்லையே.”

“ஜூன்ல வரும்.”

“அதுவரைக்குமாச்சும் சும்மா இருக்கலாம்ல.”

அதற்குப் பிறகு சாலை நீடாமங்கலத்தை நோக்கி வளைந்து வளைந்து போனது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைப் பார்க்காதவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். மணலும் கதவுகளும் மட்டும் இருந்த அந்தக் கோடையிலும் அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஓர் ஆற்றை மூன்று ஊர்ப் பக்கம் சண்டையில்லாமல் பங்கு போட்டிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் சாலை ஆற்றிடம் கேட்டுக்கொண்டுதான் திரும்பும், அதனால் நேர்கோட்டில் 69 கிலோமீட்டர் இருப்பது கார் மீட்டரில் 86 ஆகிவிட்டது. மன்னார்குடியைத் தாண்டியபோது, இங்கே ஏதோ ஒரு வயலில்தான் இன்று உச்சிவேளையில் நிழலே விழாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் பாதி இறங்கியிருந்தது. பட்டுக்கோட்டைக்குப் பிறகு வயல் போய் தென்னை வந்தது. தென்னை முடியும் இடத்தில் உப்புக்காற்று.

ஜைனப் வாசலிலேயே நின்றார். சிரிக்கவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அரிசிமாவில் பொரித்த இறால் வாடாவும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். எதிராளியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு விடுகிற ஊர் இல்லை அது. சாப்பிட்டுவிட்டு மாடி ஏறினோம்.

அவர் வேலை என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. வடக்கு தெற்குக் கோடு பென்சிலில் முடிபோல மெல்லியதாக இருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், புள்ளியில் சரியாக நின்றது. வெளிச்சப் பொட்டை வட்டமாகவே வரைந்து மையம் குறித்திருந்தார். அளவுகோலை வைத்தேன். ஆறரை. பொய்யே இல்லை. ஆனால் பொட்டு தெற்கே இல்லை, கிழக்கே இருந்தது.

“ஜைனப், இதை எத்தனை மணிக்குக் குறிச்சீங்க?”

“லுஹருக்குப் பாங்கு சொன்ன நிமிஷத்துல. பன்னிரண்டு பதினேழு. உச்சிக்கு அதைவிடச் சரியான நேரம் இந்த ஊர்ல எது இருக்கு?”

அவர் வீட்டில் பிறந்ததிலிருந்து நண்பகல் என்றால் அந்தப் பாங்குதான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவரே வாயில் கைவைத்தார். சூரியன் நட்ட நடு உச்சியில் நிற்கும்போது தொழக்கூடாது, சாய்ந்த பிறகுதான் லுஹர் என்னும் மதியத் தொழுகை. சாய்ந்தது நிச்சயம் என்று தெரிவதற்காகச் சில நிமிடம் பேணுதலாக விட்டுத்தான் நேரம் குறிப்பார்கள். தொழுகைக்கு அது நல்ல ஜாக்கிரதை. ஆனால் சூரியன் தலைக்குமேல் நிற்கும் நாளில் மூன்று மீட்டர் உயரத் துளையின் பொட்டு நிமிடத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் மேல் ஓடும். ஐந்து நிமிடத்தில் கிழக்கே போய் நிற்காமல் என்ன செய்யும்?

நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. எவ்வளவு என்று கேட்டேனே தவிர, எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவரும் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். “போச்சு, நாளைக்குத்தான் மறுபடியும்” என்று எழுந்தேன். மறுநாள் காலை எனக்குச் சென்னையில் வேலை, அதுவும் நடக்காது.

ஜைனப் எழவில்லை. கோட்டையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருங்க. கிழக்கால போனது என் நேரம் தப்புனது. நமக்கு வேண்டியது வடக்கு தெக்குதானே? கோட்டுல இருந்து பக்கவாட்டுல எவ்வளவு தள்ளியிருந்தா என்ன, புள்ளிக்குத் தெக்கால எவ்வளவு இறங்கியிருக்குன்னு மட்டும் பார்ப்போம். அஞ்சு நிமிஷத்துல சூரியன் மேற்கதான் போயிருக்கும், வடக்கயா போயிருக்கும்?”

அசந்துபோனேன். மூலைமட்டம் வைத்து அளந்தோம். கிழக்கே 6.4, தெற்கே 1.2. என்னுடைய வடக்கு 2, அவருடைய தெற்கு 1.2, ஆக 3.2 சென்டிமீட்டர். மூன்று மீட்டரை 69 கிலோமீட்டரால் பெருக்கி 3.2 சென்டிமீட்டரால் வகுத்தால் பூமியின் ஆரம் 6,469 கிலோமீட்டர். சுற்றளவு சுமார் 40,650. பாடப்புத்தகம் சொல்லும் ஆரம் 6,371.

சீவல் மூடியும் பால்பவுடர் மூடியும் சேர்ந்து சொன்ன அளவு! நான் கைதட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார். இரண்டு மாடி, இரண்டு பெண்கள், தலைக்குமேல் ஒரே சூரியன், அதுபோதும் இந்தப் பெரிய உருண்டைக்கு என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயண எழுத்தில் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சேகருக்கும் வாடா கொடுத்தனுப்பிவிட்டு வந்த ஜைனப், கணக்கை மறுபடி பார்த்தார். “ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தப்பு வந்திருக்கு கலா.”

“அதனால என்ன? இவ்வளவு கிட்ட வந்ததே பெருசு.”

“அதைத்தான் சொல்றேன். நூறு கிலோமீட்டர் தப்புக்குக் கைதட்டுறோம். ஒன்றரை முழத்துக்கு உங்கப்பா எங்க வாப்பா மவுத்துக்குக்கூட வரலை.”

அவருடைய வாப்பா இறந்தபோது என் அப்பா போகவில்லைதான். அன்று அப்பா நாள் முழுவதும் சாப்பிடாமல் கட்டிலில் படுத்திருந்தார், காரணம் கேட்டால் வயிறு சரியில்லை என்றார். அதைச் சொன்னேன். ஜைனப் தலையை ஆட்டிக்கொண்டு டின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால்: ஏப்ரல் நடுவிலோ ஆகஸ்ட் கடைசி வாரத்திலோ போங்கள், ஏப்ரலில் மேகத் தொல்லை குறைவு. ஊர்கள் வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். சாலைத் தூரத்தை எடுக்காதீர்கள், வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேர்த் தூரம் எடுங்கள். பூமியின் அளவு தெரிந்தவர்கள் போட்ட வரைபடத்தை வைத்துப் பூமியை அளப்பது கள்ளாட்டம்தான், ஆனால் நடந்து அளக்க எனக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நேரத்தைவிட வடக்கு தெற்குக் கோட்டில் கவனம் வையுங்கள். தொப்பியும் மோரும் கட்டாயம். மறுமுனையில் இருப்பவரிடம் எவ்வளவு என்று கேட்பதோடு எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். எண் இடித்தால் போனில் சண்டை போடாமல் கிளம்பிப் போய்ப் பாருங்கள், வழியில் மூணாறு தலைப்பு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன் அண்ணன் போன் செய்தார்.

“யோசிச்சுக்க கலா. அவங்க சொன்ன சர்வேயர். தப்பா அளந்துட்டா?”

“எவ்வளவு தப்பு வரும்ணே?”

“ஒரு முழம் வரலாம். ரெண்டு முழமே வரலாம்.”

“வரட்டும்ணே” என்றேன்.

ஜைனப் ஏற்கெனவே போட்டிருந்தார். அவர் கையிலிருந்த பேனாவையே வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.